கேசட்டில் இரண்டு பெயர்

மூக்கி என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். ஆறு வயதில் ஒட்டிக்கொண்டது, அப்பாவும் அப்படியே கூப்பிட்டார், நாற்பதை நெருங்கியும் விடவில்லை. அவளுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. மெழுகில் பல் வரிசை பிடிப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. ஆனாலும் லேபைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தான் கவனமில்லாதவள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

பதினாறு வயதில் கேசட் செருகி ஆடும் கையடக்கமான வீடியோ கேம் ஒன்றைத் தொலைத்ததில் தொடங்கிய பாடம் அது. வாள் பிடித்த பெண்ணொருத்தி குகை குகையாக நுழைந்து போகும் விளையாட்டு. அண்ணன் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய வாரம் அது காணாமல் போனது. "பஸ்ல விட்டிருப்பா" என்றான் அண்ணன். மறு வருடம் அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"ஒரு விளையாட்டுச் சாமானைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல. உன்னை எப்படித் தனியா அனுப்பறது?"

இப்போது அவள் பிறந்த நாளுக்கு அண்ணன் ஒரு கருவி கொடுத்தான். பழைய கேசட் விளையாட்டுகளின் பிரதியை எமுலேட்டர் என்ற மென்பொருளில் ஓட்டுவது. "உன் பழைய கேமும் போட்டிருக்கேன் மூக்கி, ஆடிப் பாரு" என்று தலையில் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அதைத் திறந்தாள். உள்ளே ஏற்கெனவே இரண்டு சேவ் இருந்தன, யாரோ ஆடி நிறுத்திய இடத்தைப் பெயரோடு சேமித்து வைத்தவை. முதலாவது, ஆங்கில எழுத்தில் மூக்கி. முப்பத்தோராம் நிலை, ஆற்றங்கரைக் குகை வாசல். அவள் விட்ட அதே இடம். இரண்டாவது அண்ணன் பெயரில், கடைசிக் குகைவரை ஆடி முடித்தது.

பார்த்த பெயரையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்தக் காலத்தில் சேவ் கேசட்டுக்குள்ளேயேதான் இருக்கும். கேசட் கையில் இல்லாதவன் அதைப் பிரதி எடுக்க முடியாது. சாப்பாட்டு டப்பாவை மூடினாள். போனை எடுத்தாள்.

"அண்ணா, இந்த கேம் எங்கிருந்து எடுத்தே?"

"எல்லாம் நெட்லதான். ஏன்?"

"மூக்கின்னு பேர் போட்டு நெட்ல வெச்சது யாரு?"

அண்ணன் சிரித்தான். "அடடா, அதுவும் சேர்ந்து வந்துடுச்சா? ஹாஸ்டல்ல போரடிக்கும்னு நான்தான் எடுத்துட்டுப் போனேன். சின்ன வயசு விஷயம்டி, விடு."

"அப்பா என்னைக் கேட்டப்ப நீ பக்கத்துலதானே நின்னே?"

"இப்ப அதைக் கிளறி என்ன ஆகப்போகுது?"

அவள் வைத்துவிட்டாள். வேலை முடிந்ததும் நேரே அப்பா வீட்டுக்குப் போனாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை நின்றபடியே சொன்னாள். அப்பா இப்போதாவது அவனைத் திட்டுவார், தன்னிடம் 'பாவி நான், உன்னைப் போய்க் குறை சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று உள்ளுக்குள் ஒரு சிறுமி காத்திருந்தாள்.

அப்பா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். அவனைப் பார்க்க ஹாஸ்டலுக்குப் போனப்பவே தலகாணிக்குக் கீழே பார்த்தேன்."

"எப்போ?"

"உனக்கு வெளியூர் காலேஜ்ல இடம் கிடைக்கறதுக்கு முன்னாடி."

அண்ணன் திருடியது பொடியன் புத்தி. இது?

"தெரிஞ்சும் ஏம்ப்பா என்னை அப்படிச் சொன்னீங்க?"

"பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனசில்லை. மனசில்லைன்னு சொன்னா அழுது அடம்பிடிப்பே. உன் தப்புன்னு சொன்னேன், வாயை மூடிக்கிட்டே." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நல்லாத்தானே இருக்கே இப்போ?"

அவள் அழவில்லை. அழுதால் அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார், அதையும் வாங்கிக் குடிக்க வேண்டியிருக்கும்.

"வியாழக்கிழமை உங்க கண் ஆஸ்பத்திரிக்கு நான் வரல, உங்க பையனைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

"அவனுக்கு எங்கம்மா நேரம்?"

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலிருந்து அப்பா அவளை மூக்கி என்று கூப்பிடவில்லை, முழுப் பெயர் சொல்லி அழைத்தார். இரண்டு முறை. அவள் தெருவுக்கு வந்துவிட்டாள்.