முதுகில் கீறினால் அமெரிக்கா

நாங்கள் வெட்டும் இறால் எந்த நாட்டுக்குப் போகிறது என்று கம்பெனியில் யாரும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம், வெட்டைப் பார்த்தாலே தெரியும். ஓட்டை விட்டுவிட்டு முதுகை மட்டும் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்தால் அமெரிக்கா. தலையோடு அப்படியே ஐஸில் போனால் சீனா. ஓட்டை உரித்து, வாலை மட்டும் விட்டு, முதுகில் கீறல் படாமல் ஊசியால் நரம்பை இழுத்து, வயிற்றில் நாலு வெட்டுப் போட்டு, அழுத்தி நீட்டிப் பென்சில் மாதிரி அடுக்கினால் ஜப்பான். ஆந்திராவில் பீமவரத்துக்கு வெளியே, இறால் வளர்க்கும் குளங்களுக்கு நடுவில் இருக்கும் அந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாக இதைத்தான் நின்றபடி செய்கிறேன்.

ஆகஸ்டில் அமெரிக்கா வரியை ஏற்றியது. நூறு ரூபாய்ச் சரக்குக்கு ஐம்பது ரூபாய் வரி என்றார்கள். அந்த வாரமே குளத்தில் விலை விழுந்தது. குளத்துக்காரர்கள் அவசரமாக வலை போட்டு, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்கள். குளிர்க்கிடங்கில் அமெரிக்கப் பெட்டிகள் கூரை முட்ட நின்றன. எங்களில் பாதிப்பேரை வர வேண்டாம் என்றார்கள். அதுவரை கிலோவுக்கு அமெரிக்க வெட்டுக்குப் பதினாறு ரூபாய், ஜப்பான் வெட்டுக்கு இருபத்திரண்டு. இனி எந்த வெட்டானாலும் பன்னிரண்டு என்றார் மேஸ்திரி சூரிபாபு.

"வரிம்மா, வரி. நானா போட்டேன்?"

ஒப்புக்கொண்டோம். பெட்டிகள் போகாமல் நிற்பதை நாங்களே பார்த்தோம். ஆனால் ஆட்டோவுக்குக் கொடுத்து, ஐஸில் ஊறி வெடித்த விரலுக்கு மருந்து வாங்கினால் பன்னிரண்டு ரூபாய்க் கூலியில் அரிசிக்கு மிஞ்சாது. மூன்று மாதம் வீட்டில் இரண்டு வேளைதான் உலை வைத்தேன்.

டிசம்பரில் வேலை திரும்பி வந்தது. நிறுத்தி வைத்த பெண்களையெல்லாம் ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். மேசையில் கொட்டியது பெரிய ரக இறால். கூடவே ஊசியும் நீளத் தட்டும் வந்தன. மூன்று வாரமாக ஜப்பான், ஜப்பான், ஜப்பான் மட்டும்தான். கூலி மட்டும் பன்னிரண்டிலேயே நின்றது. அமெரிக்க வெட்டில் ஒரு நாளில் முப்பது கிலோ முடிக்கிற கைக்கு ஜப்பானில் இருபது கிலோ தாண்டாது.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு நாள், சாயங்காலம் கண்டெய்னர் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. காலையிலிருந்தே மேஸ்திரி பின்னால் நின்று விரட்டிக்கொண்டிருந்தார். நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன நூகரத்னம், ஊசியைப் பார்த்துக்கிட்டு நிக்கிற? காது குத்தப் போறியா?" என்றாள் பக்கத்து மேசை பைடம்மா.

"வதினா, ஜப்பான்காரன் வரி ஏத்துனானா?" என்றேன். அவள் எனக்கு அண்ணி முறை.

"எங்கிட்ட சொல்லலியே. உன்கிட்ட சொன்னானா?"

ஊசியை வைத்தேன். கத்தியை எடுத்து ஒரு இறாலின் முதுகை ஓட்டோடு கீறி நரம்பை எடுத்துத் தட்டில் போட்டேன். பிறகு இன்னொன்று. பத்தாவதில் மேஸ்திரி ஓடி வந்தார்.

"ஏய்! கண்ணு அவிஞ்சு போச்சா? ஜப்பான் சரக்கும்மா இது! முதுகுல கத்தி பட்டா எடுக்க மாட்டான்!"

"அப்படியா அண்ணா? கூலி அமெரிக்கா வரி போட்ட கூலியா இருந்துச்சு. அதான் அமெரிக்க வெட்டுப் போட்டேன்."

முகத்துணிக்குள் யாரோ சிரித்தார்கள். பைடம்மாவும் ஊசியை வைத்தாள். "அடடா, மூணு வாரமா நான்தான் தப்பா வெட்டிட்டேன் போல. மன்னிச்சுக்கோங்க அண்ணா" என்று ஒரு முதுகைக் கீறினாள். அறுபது மேசையிலும் ஊசி கீழே போனது.

மேனேஜர் வர்மா வந்தார்.

"யாரு ஆரம்பிச்சது?"

"நான்தான் சார்."

"கம்பெனி எவ்வளவு நஷ்டத்துல ஓடுதுன்னு தெரியுமா உனக்கு? அமெரிக்கச் சரக்கு இன்னும் கெடங்குல கெடக்கு. அதை யாரு சுமக்கறது?"

"மூணு மாசம் நாங்க சுமந்தோம் சார். அமெரிக்காக்காரன் நல்ல விலை கொடுத்த வருஷம் எங்களுக்கு என்ன கொடுத்தீங்க? ஆளுக்கு நாலு லட்டு. இப்ப விக்கிறது ஜப்பானுக்கு. ஜப்பான் கூலியைக் கொடுங்க."

"நாளைலேர்ந்து நீ வராத. இப்பவே கெளம்பு. மத்தவங்க வேலையைப் பாருங்க."

கையுறையைக் கழற்றினேன். இந்த ஊரில் ஒரு கம்பெனி துரத்தினால் இன்னொரு கம்பெனி வாசலில் விடாது. நடந்தேன். கதவுவரை போயும் பின்னால் கத்திச் சத்தம் கேட்கவில்லை.

"சார், அவ போனா நாங்க ஊசியைத் தொட மாட்டோம்" என்றாள் பைடம்மா. "நீங்களும் மேஸ்திரியும் உக்காந்து இறாலை நீட்டுங்க. உக்கார நாற்காலிதான் இல்ல."

தலை போன இறால் யாருக்கும் காத்திருக்காது. அரைமணி நேரத்தில் ஐஸ் கரைந்து மேசை ஓரமாக வழிந்தது. வர்மா இரண்டு முறை வெளியே போய் போனில் பேசினார். இரண்டாம் முறை வந்தவர் என்னைப் பார்க்காமல் மேஸ்திரியிடம் சொன்னார்.

"இருபத்திரெண்டு. ஜப்பானுக்கு மட்டும். அமெரிக்கச் சரக்கு வந்தா பன்னெண்டுதான்."

"அது வரட்டும் சார். அன்னைக்கு அதைப் பேசுவோம்" என்றேன். "நான் போகவா, வேலை செய்யவா?"

"செய்யி. ஆனா நீ கெடுத்ததெல்லாம் உன் கூலில பிடிப்பேன்."

"அது கெடல சார். சுத்தமான அமெரிக்க வெட்டு. வரியைக் கட்டி அனுப்புங்க."

மறுநாள் மேஸ்திரி என்னைத் தலை கிள்ளும் மேசைக்கு மாற்றினார். லாரி இறங்கும் வாசலை ஒட்டிய மேசை அது. இறாலின் கொம்பு விரலில் ஏறும். நாள் முழுக்கக் கை ஐஸுக்குள்ளேயே இருக்கும். வாயை அடக்கத்தான் அங்கே போட்டார்கள். ஆனால் எந்தச் சரக்கும் முதலில் வருவது அந்த மேசைக்குத்தான். நாலாம் நாள் முதல் லாரி வந்ததும் மேஸ்திரி ஓடி வந்தார்.

"தலையைக் கிள்ளாத, அப்படியே ஐஸ் போடு."

"அப்ப இது சீனா" என்றேன், உள்ளே அறுபது மேசைக்கும் கேட்கிற மாதிரி. "சீனாவுக்கு என்ன கூலி அண்ணா?"