இறால் கிடங்கில் ஜப்பான் ஒத்திகை

பேனர் வைத்தாயிற்று. டிக்கெட்தான் இன்னும் எடுக்கவில்லை.

வியாசர்பாடி முக்கில், டீக்கடைக்கு மேலே, கோட்டு சூட்டோடு பீம்ராவ் நின்றிருந்தார். கழுத்துக்கு மேலே அவர், கீழே யாரோ. பின்னால் பனிமலை. ‘ஜப்பான் மண்ணில் தடம் பதிக்கும் எங்கள் மாமா’ என்று போட்டு, ஓரத்தில் மாமாவைவிடப் பெரிய அளவில் மச்சான் வல்லரசுவின் படம். அந்த மலை ஜப்பானில்தான் இருக்கிறதா என்று டீக்கடையில் ஒருவர் சந்தேகப்பட்டார்.

“மல எங்க கீந்தா இன்னா மாமு, பனி ஒன்னுதான?” என்றான் வல்லரசு.

ஜப்பானில் இருந்தது பீம்ராவின் மகள் மதி. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் அவளை யோக்கோஹாமாவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஜனவரியில் டிக்கெட் மலிவு, அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மாதமாகப் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பீம்ராவுக்குக் கெஞ்சவே வேண்டியதில்லை. எண்ணூரில் ஒரு லாரித் தொழிற்சாலையில் அவர் ஃபோர்மேன். ஜப்பான்காரன் எப்படி வேலை செய்கிறான் என்று கம்பெனி எப்போதோ ஒரு வகுப்பு நடத்தியது, பிரியாணியோடு. அன்றிலிருந்து ஜப்பான் அவருக்குப் பங்காளி வீடு மாதிரி. எது எங்கே இருக்க வேண்டும் என்று வீட்டிலுள்ள டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினார். மனைவி ரமாபாய் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துப் பார்த்தாள். ‘சர்க்கரை’ என்று எழுதியிருந்த டப்பாவில் உப்பைப் போட்டுவைத்தாள். ஒரு காலை டீயோடு அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

இப்போது சிக்கல் அந்த ரமாபாய்தான். வரமாட்டேன் என்கிறாள். அவள் இல்லாமல் பீம்ராவ் போகமுடியாது. தன் பனியன் எந்தப் பீரோவில் இருக்கிறது என்பதே தெரியாத ஃபோர்மேன் அவர். போகாமலும் இருக்கமுடியாது, முக்கில் பேனர் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதி மறுபடி பேசினாள். பீம்ராவ் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்தார்.

“யம்மா, சோத்துக்குப் பயப்படாத. மாட்டுக்கறி போட்டு ஒரு கிண்ணம் சோறு, தெருவுக்குத் தெரு கட கீது. இங்க அதான் சீப்பு.”

“காரமா இருக்குமா?”

“இனிக்கும்.”

“மாட்டுக்கறி இனிக்கிதா? அப்ப இன்னாத்தடி துன்றீங்க அங்க?”

“மொளகாத்தூள் எடுத்தாந்துரு. அப்பறம், புது வருசத்துக்கு மூடின பை விப்பாங்கம்மா. உள்ள இன்னா இருக்குன்னு சொல்லமாட்டாங்க. ஆனா, குடுத்த காசுக்கு மேலயே சாமான் இருக்கும்.”

“உங்க நைனா அப்டிதான் டேப்ரெக்கார்டர்னு ஒன்னு வாங்கியாந்தாரு. பிரிச்சா செங்கல்லு.”

பீம்ராவ் தொண்டையைக் கனைத்தார். “அது வேற ரமா. ஜப்பான்காரன் ஏமாத்தமாட்டான்.”

“அந்த டப்பா மேலயும் மேட் இன் ஜப்பான்னுதான்யா போட்டிருந்தது.”

போனுக்குள் மதி சிரித்து முடிக்கும்வரை பீம்ராவ் காத்திருந்தார். பிறகு ரமாபாய் விஷயத்துக்கு வந்தாள்.

“எல்லாம் செரிதான்டி. குளுரு? இந்த ஒடம்ப தூக்கிகினு பனியில வந்து வுழ சொல்றியா? நா வரல.”

மாதவிலக்கு நிற்கிற வயது அவளுக்கு. ஒரு வருடமாகவே, இருந்தாற்போல் இருந்து நெஞ்சிலிருந்து முகத்துக்குத் தீ ஏறும். அப்புறம் வேர்த்து ஊற்றும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, முந்தானையாலும் விசிறிக்கொண்டு, “பேஜாரா கீதுய்யா” என்பாள். ஜப்பானில் ஃபேனை எவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருப்பார்கள் என்று பீம்ராவ் அப்போது எடுத்துச் சொல்வார்.

குளிர்தான் பயம் என்றால் அதற்கு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். ஆனால் வடசென்னையில் குளிருக்கு எங்கே போவது? கல்மண்டபத்துக்குத்தான். அங்கே அவருடைய பழைய தோஸ்து சௌக்கத் அலி, ஏற்றுமதி இறாலுக்குக் குளிர்கிடங்கு வைத்திருந்தார்.

மறு ஞாயிறு, மாட்டேன் என்ற ரமாபாயையும் இழுத்துக்கொண்டு மூவராக ஆட்டோவில் போய் இறங்கினார்கள். பீம்ராவ் பிளாட்பாரத்தில் வாங்கிய ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் மழைக்கோட்டு மாட்டி, தலையில் குரங்குக் குல்லா, கையில் தொழிற்சாலையிலிருந்து எடுத்துவந்த வெல்டிங் கிளவுஸ் சகிதம் வந்திருந்தார். வெயிலில் அவரைப் பார்த்த மீன்கூடைக்காரி ஒருத்தி நடப்பதை நிறுத்திவிட்டாள். ரமாபாய் ஒரு சால்வையோடு சரி. வல்லரசு போட்டோ எடுக்க வந்திருந்தான்.

“ரெண்டு ரூமு கீது நைனா,” என்றார் சௌக்கத் அலி. “இது பெட்டி அடுக்கற ரூமு. உங்க ஜப்பான் குளுரு இவ்ளோதான் இருக்கும். அது ஒறைய வெக்கிற ரூமு. அதுல பூந்தா இறாலே கல்லாத்தான் வெளிய வரும்.”

“சின்ன ரூமு ரமாக்கு. எனக்குப் பெர்ச தொறங்க பாய்.”

“நைனா, அது செத்துப்போன இறாலுக்கு.”

“தொறங்க பாய். ஜப்பானப் பத்தி எனக்கேவா?”

ரமாபாய் சின்ன அறைக்குள் போனாள். பீம்ராவ் பெரிய அறைக்குள் போய், கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற வல்லரசுவைப் பார்த்து, வகுப்பில் கேட்டதைச் சொல்லத் தொடங்கினார். “ஜப்பான்காரன் இருக்கானே...” அதற்கு மேல் அந்த வாக்கியத்துக்கு வினைச்சொல் வரவில்லை, பல் தட்டும் ஓசைதான் வந்தது. மீசை விறைத்தது. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். வெல்டிங் கிளவுஸுக்கு எதுவும் புலப்படவில்லை. கதவைத் தள்ளினார். கை வழுக்கியது. கண்ணாடியில் ஓங்கி அடித்தார்.

“சோக்கா கீது மாமா!” என்று வெளியிலிருந்து வல்லரசு கத்தினான். “இன்னொரு தபா கையக் காட்டு!”

சௌக்கத் அலி ஓடிவந்து கதவை இழுத்தார். வெளியே வந்த பீம்ராவ், காயவைத்த கருவாட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் கருவாடாகவே நின்றார். யாரோ டீ கொடுத்தார்கள். பாதி குல்லாவுக்குப் போயிற்று. இரண்டாவது வாய் உள்ளே இறங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது: ரமா இன்னும் உள்ளே இருக்கிறாள்.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். வராதவளை நான்தானே இழுத்து வந்தேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சின்ன அறையின் கதவைத் திறந்தார். கவிழ்த்த மீன்பெட்டி மேல், சால்வையை மடித்துப் போட்டு, ரமாபாய் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அசைவில்லை.

“ரமா!”

“இன்னாய்யா கத்தற? கதவ மூடு, குளுரு வெளிய போவுது.”

பீம்ராவ் கதவை மூடினார், தான் உள்பக்கம் நின்றுகொண்டு. அது அவர் செய்த பெரிய தியாகம்.

“எரியலய்யா,” என்றாள் அவள் மெதுவாக. “வந்து ஒக்காந்ததும் எரிஞ்சிது பாரு, தானா அடங்கிப்போச்சு. ஒரு வருசமா நா இப்டி மூச்சு வுட்டதே இல்ல.”

அவள் முகத்தை அவர் உற்றுப் பார்த்தார். மதி பிறந்தபோது இருந்த முகம் மாதிரி இருந்தது. ஜப்பானைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அடக்கிக்கொண்டார்.

“எனக்குத் தெரியலியே ரமா, இம்மா எரியும்னு.”

“நீ ஃபேன் தொடைக்கிற கதயில்ல சொல்லிகினு இருந்த.”

பீம்ராவுக்குக் கால் மறுபடி நடுங்கத் தொடங்கியது. “ரமா, வேணும்னா சித்திர மாசமா போலாமா? அப்ப அங்க பூப் பூக்குமாம். குளுரும் கம்மி.”

“வேக்கறதுக்கு வியாசர்பாடி போதும். சனவரிக்கே டிக்கெட் போட சொல்லு. நல்லா பனி கொட்டற எடமா ஒன்னு பாத்துவெக்க சொல்லு அவள. அந்த மூடின பையையும் வாங்கிப் பாத்துருவோம். செங்கல்லு வந்தா நீ தூக்கிகினு வா.”

திரும்பும்போது ஆட்டோ முழுக்க இறால் வாசனை. முன்னால் டிரைவர் பக்கத்தில் வல்லரசு, அக்காவையும் சேர்த்துப் புதுப் பேனர் அடிக்க வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்தான். பீம்ராவ் குல்லாவைக் கழற்றவில்லை. ஒரு சிக்னலில் ரமாபாய் அவர் பக்கம் திரும்பினாள்.

“மொளகாத்தூள், கருவாட்டுத் தொக்கு, எல்லாத்தயும் டப்பாலதான் எடுத்துகினு போவணும். ஏர்போர்ட்ல கேப்பான். மேல பேரு எழுதி ஒட்டிக் குடு.”

பீம்ராவ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நானா?”

“நீதான். இந்த தபா எழுதனதயே உள்ள போடறேன்.”