மரப்பாச்சிக்குப் போட்ட அட்டிகை

"எந்தக் காதுடீ? ஜிமிக்கி முழுசாப் போயிடுத்தா, திருகாணியாவது மிஞ்சித்தா?"

காலையில் ஜட்காவிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகச் சுப்புலக்ஷ்மி தன் மருமகளைக் கேட்ட முதல் கேள்வி இதுதான். மருமகள் வாலாம்பாளுக்கு வயது ஏழு. இடது காது மடல் கிழிந்து, கட்டியிருந்த பழந்துணியெல்லாம் ரத்தமாக, அம்மா சூடாமணியின் மடியில் விசும்பிக்கொண்டு கிடந்தாள். திருகாணி எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூறுகளில், அதாவது இன்றைக்கு நூறு வருஷத்துக்கு முன்னால், கரமனை அக்ரஹாரத்தில் ஏழு வயது மருமகள் ஒன்றும் அதிசயமில்லை. பெரியவளாகிறவரை பெண் பிறந்த வீட்டில் இருக்கலாம், பள்ளிக்கூடமும் போகலாம் என்று கிழக்கேகோட்டைச் சம்பந்திகள் பெரிய மனசு பண்ணியிருந்தார்கள். ஆனால் அவர்கள் போட்ட அட்டிகை, ஜிமிக்கி, வளையல், கொலுசு எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்க வேண்டும். சம்பந்தி வீட்டுக் கௌரவம் ஊருக்குத் தெரிய வேண்டாமா? அந்தக் கௌரவம் ஒரு பிஞ்சுக் கழுத்தில் தொங்கிக்கொண்டு, தினமும் ஆற்றோரச் சந்து வழியாக ஒன்றாம் வகுப்புக்குப் போய் வந்தது.

நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்ணான டீச்சர் ஜெயபாய் வாசலுக்கே வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தாள்.

"பிள்ளைக்கு இம்புட்டுப் பொன்னைப் பூட்டி விடாதீங்கம்மா. எவனாவது கழுத்தை நெரிச்சு ஆத்துல தள்ளிட்டுப் போயிருவான்."

சூடாமணி வெலவெலத்துப்போய்ச் சம்பந்தியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். "சுமங்கலி மூளியாப் போகப்படாதுன்னு அந்த வேதக்காரிக்கு என்ன தெரியும்?" என்று சுப்புலக்ஷ்மி ஒரே போடாகப் போட்டாள். சுமங்கலிக்கு முன்பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. மேலே பேசினால் பெண்ணைத் தள்ளி வைத்துவிடுவார்களோ, அப்புறம் அவள் கதி என்ன என்ற பயம் சூடாமணிக்கு. அந்தப் பயத்துக்கு முன்னால் திருடன் பயம் சின்னதாகிவிட்டது. மறுநாளும் நகையைப் பூட்டித்தான் அனுப்பினாள்.

நேற்றுச் சாயங்காலம் அந்தச் சந்தில் எவனோ ஒரு படுபாவி ஜிமிக்கியைப் பிடித்து இழுத்தான். அது காதைக் கிழித்துக்கொண்டு வந்தது. அடுத்தபடியாகக் கழுத்தில் கை வைத்திருப்பான், பின்னால் வந்த ஜெயபாய் போட்ட கூச்சலில் ஓடிப்போனான். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான். அவள் தொட்டுவிட்டாளே, குழந்தையைத் தலைமுழுக வைத்துவிடு என்று அடுத்த வீட்டு மாமி அக்கறையாக யோசனை சொன்னாள். கிழிந்த காதுக்கு அந்த மாமியிடம் யோசனை எதுவும் இல்லை.

சுப்புலக்ஷ்மி மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கெம்புக்கல் தோடு மின்னியது.

"சாரமில்லை, போறது. கீழே கிழிஞ்சா என்ன, மேலே எடம் இருக்கே. தட்டானை வரச் சொல்லியிருக்கேன். கிழிசலுக்கு மேலே குத்தி இதைப் போட்டுடலாம். நவராத்திரி வரது. மூளிக்காதோட எங்காத்து மாட்டுப்பொண்ணு கொலுவுக்குப் போனா நாலு பேர் என்ன பறைவா?"

வாலாம்பாள் அம்மாவின் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

சூடாமணி தன் கணவன் ராமசுப்ரமணியன் எங்கே என்று பார்த்தாள். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. வீட்டில் சங்கடம் என்று வந்தால் கால் அலம்பப் போய்விடுவது அவர் வழக்கம். இப்போதும் கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவ்வளவு சுத்தமான கால்கள் கரமனையில் வேறு யாருக்கும் கிடையாது.

"இருங்கோ மாமி, எல்லாத்தையும் சரியாப் போட்டு எடுத்துண்டு வரேன்" என்று சூடாமணி கெம்புத் தோட்டையும் வாங்கிக்கொண்டு குழந்தையோடு உள்ளே போனாள்.

கொலுவுக்காகப் பரணிலிருந்து இறக்கிய பெரிய மரப்பாச்சி மூலையில் நின்றது. சூடாமணி குழந்தையின் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அதற்குப் பூட்டினாள். தாலிச்சரட்டை மட்டும் விட்டுவிட்டாள். அதைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. கதை சொல்கிறவனுக்கும் வரவில்லை.

மிஞ்சிய ஒற்றை ஜிமிக்கியைக் கையில் எடுத்தபோது வாலாம்பாள் விசும்பலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அதுக்குக் காதே இல்லையேம்மா?"

"அதனாலதாண்டீ."

ஜிமிக்கியை நூலால் மரப்பாச்சியின் தலையில் கட்டி, கெம்புத் தோட்டையும் கூடவே முடிந்து, கொண்டுபோய்ச் சுப்புலக்ஷ்மியின் மடியில் வைத்தாள்.

"உங்காத்து கௌரவத்தை ஒரு கொறையும் இல்லாமப் பூட்டியிருக்கேன் மாமி. இது பள்ளிக்கூடம் போகாது, சந்துல நடக்காது, பிடிச்சு இழுத்தாலும் ரத்தம் வராது. கொலுவில வெச்சு நாலு பேருக்குக் காட்டுங்கோ. காது ஆறினதும் என் கொழந்தை மூளியாத்தான் பள்ளிக்கூடம் போவள். நானே கூட நடந்து போய் விட்டுட்டு வருவேன்."

சுப்புலக்ஷ்மியின் முகம் சிவந்தது. "கொழுப்பாக்கும் உனக்கு. அப்போ பொண்ணை உங்காத்துலயே வெச்சுக்கோ. எம்பிள்ளைக்கு வேற பொண்ணு கிடைக்காதா?"

எந்த வார்த்தைக்காக இத்தனை நாள் பயந்தாளோ, அது வந்தேவிட்டது. சூடாமணி மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"வெச்சுக்கறேன் மாமி. அதுக்குத்தானே பெத்தேன்."

கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. ஆனாலும் அவர் உள்ளே வரவில்லை.

சுப்புலக்ஷ்மி எழுந்து வாசலுக்குப் போனாள். ஜட்காவில் ஏறி உட்கார்ந்து, தெருவின் கண் படாமல் மரப்பாச்சியைப் புடவைத் தலைப்பால் போர்த்தி, இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். குலுங்காமல் ஓட்டச் சொல்லி வண்டிக்காரனுக்கு உத்தரவு போட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து வாலாம்பாளை அவள் ஒருதரம்கூட அப்படி அணைத்ததில்லை.