மேல்தளமும் விண்கல்லும்

புதிதாகக் கண்டுபிடித்த விண்கல் ஒன்று சில வருடங்களில் பூமியின் மேல் மோதக்கூடும் என்று செய்தியில் சொன்னதும், அப்பா மாடி கட்டும் வேலையை நிறுத்தி வைத்தார். அவருடைய மகள் வானியல் ஆய்வகத்தில் விண்கற்களின் பாதையைக் கணக்கிடுபவள். காலையில் அவளுக்கே போன் போட்டார்.

"மேல்தளத்துக்கு கான்கிரீட் போடணும்னு மேஸ்திரி வந்து நிக்கிறார். போடலாமாம்மா? மோதுற வாய்ப்பு நேத்து நூத்துல ஒண்ணுன்னாங்க, இன்னிக்கு மூணுங்கிறாங்க."

"கல்லு வர்ற பாதை இன்னும் சரியா தெரியலப்பா. பாதை தெளிவாகத் தெளிவாக அந்த வாய்ப்பு முதல்ல அப்படித்தான் ஏறும், அப்புறம் சட்டுனு குறைஞ்சிடும். நான் பாத்துக்கிறேன்."

வேறு ஆய்வுகளுக்காக முன்பு எடுத்த வானப் படங்களில் அந்தக் கல் தற்செயலாகப் பதிந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள். ஒவ்வொரு படமாகத் துழாவினாள். மதியச் சாப்பாடு மேஜையிலேயே ஆறிப்போனது. கடைசியில் ஒரு படத்தில், நகம் கீறியதுபோல் மெல்லிய கோடு தெரிந்தது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். கல் நிலாவுக்கும் அப்பால் விலகிப் போகிறது. ஆய்வகத் தலைவர் சரிபார்த்துவிட்டு, "அறிவிச்சிடலாம்," என்றார்.

அறிவிப்பு வெளியானதும் அவள் அப்பாவை அழைத்தாள்.

"மோதாதுப்பா. தைரியமா கான்கிரீட் போடச் சொல்லுங்க."

மறுமுனையில் கலவை இயந்திரம் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது.

"காலையிலயே ஆரம்பிச்சாச்சு," என்றார் அப்பா. "பயம் வந்தா நீ படபடன்னு பேசுவே, எனக்குத் தெரியாதா? இன்னிக்கு நிதானமாத்தான் பேசினே."