கப்பல் சாயும்போது கேட்ட சத்தம்

“இப்ப ஹெட்போன் இல்லை. இப்பவும் கேக்குதா?”

“கேக்குது. இதோ… டொக். கப்பல் அந்தப் பக்கம் சாயட்டும், இன்னொண்ணு வரும் பாரு.”

பெரின் என் படுக்கை விளிம்பில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக் கேட்டாள். அவள் எங்கள் ஃபிரிகேட் போர்க்கப்பலின் நர்ஸ். நான் சோனாரில் உட்கார்ந்து, கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிகளைக் காதால் தேடுகிறவள். பக்கவாட்டு அலை அடிக்கத் தொடங்கியதிலிருந்து இந்தச் சத்தம். என் ஹெட்போனை மாட்டிப் பார்த்த யாருக்கும் அது கேட்கவில்லை. திரையிலும் ஒன்றும் விழவில்லை.

“எனக்கு ஒண்ணும் கேக்கலை, சோலென். இதை உன் மெடிக்கல் ரிப்போர்ட்ல எழுதாம இருக்க முடியாதுடி. நாளைக்கு ஹெலிகாப்டர் கரைக்கு, துலோன் துறைமுகத்துக்குப் போகுது. காதைக் காட்டிட்டு வந்துடு.”

காட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காதுக்குள்ளேயே சத்தம் கேட்கிறவளை சோனாரில் உட்காரவிட மாட்டார்கள். கரையில் ஒரு அலுவலகம் கொடுப்பார்கள். அதன்பிறகு கடல் எனக்கு ஜன்னலில் தெரிகிற ஒரு நீலத்துண்டு.

கதவைத் தட்டிவிட்டு ஒனோரே தலையை நீட்டினார். கப்பலின் குழாய், கதவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற மர்சேய்க்காரர்.

“என்னம்மா, இன்னைக்கும் உன் காதுக்குள்ள யாராவது தட்டறாங்களா? உள்ள கூப்பிட்டு ஒரு காபி கொடேன்.”

“சிரிக்காதீங்க. இங்க படுத்தாத்தான் நல்லா கேக்குது. இதுக்குக் கீழ என்ன இருக்கு?”

“கயிறு, லைஃப் ஜாக்கெட்…” என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “சரி, அழாதே. வா, பாத்துடுவோம்.”

மூவரும் கீழேயிருந்த சாமான் அறைக்கு இறங்கினோம். ஒனோரே குப்புறப் படுத்து, அலமாரிக்குப் பின்னாலிருந்த தகட்டைக் கழற்றினார். கப்பல் சாய்ந்தது. உள்ளே ஏதோ மெல்ல உருண்டுபோய் இரும்பில் இடித்தது.

பெரின் என் கையை இறுக்கிப் பிடித்தாள். “எனக்கும் கேட்டுச்சுடி!”

ஒனோரே துழாவி எடுத்தது பெத்தாங்க் என்கிற பந்தெறியும் ஆட்டத்துக்கான இரும்புக் குண்டு. திருப்பிப் பார்த்தார். அதில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் பொறித்திருந்தன. காது நுனிவரை சிவந்துபோனார்.

எங்கள் கப்பலுக்கு இரண்டு குழுக்கள். நாங்கள் இறங்கினால் அவர்கள் ஏறுவார்கள். தன் குண்டைத் திருடியது அந்தக் குழுவின் சமையல்காரர்தான் என்று ஒனோரே சாப்பாட்டு மேசையில் சொல்லாத நாள் கிடையாது.

“அப்போ அந்த மனுஷன் எடுக்கலையா?” என்றாள் பெரின்.

“நீ வேற. போன தடவை கப்பலை ஒப்படைக்கும்போது அவருக்குக் கைகூடக் குடுக்கலை நான்.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு நிற்கவில்லை. சத்தம் கப்பலில் இருந்தது. எனக்குள் இல்லை.

“ஹெலிகாப்டர்ல உன் இடம் காலி,” என்று பெரின் என் தலையைக் கலைத்துவிட்டாள்.

ஒனோரே குண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

“ஒரே ஒரு தடவை அதைத் திரும்ப உள்ள உருட்டி விடுங்களேன். நான் மேல போய்ப் படுத்துக் கேட்டுக்கறேன்.”