தோள் கிழிந்த பிறகு

சுவிஸில், ஓர்லிகோனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிய உருத்திரமூர்த்தி, யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பந்து வீசியவன். 1984இல் அவனோடு வேலை செய்த ஊர்ஸ் அவனைத் தன் பேஸ்போல் கழகத்துக்குக் கூட்டிப்போனான். இந்த விளையாட்டில் கையை மடக்கி எறியலாம் என்றதும் உருத்திரனுக்குச் சிரிப்பு வந்தது. நாலு கோடைகாலம் அவன்தான் எறிந்தான். பந்து விரலை விட்டுப் போகும் கணத்தில் புல்வெளியும் மரங்களும் சத்தமடங்கித் தண்ணீருக்குள் கிடப்பது போலிருக்கும்.

எண்பத்தெட்டில் தோளின் தசைநார் கிழிந்தது. இனி எறியவே கூடாது என்றார் வைத்தியர். அதன்பிறகு அவன் மைதானப் பக்கம் போகவில்லை. ஊர்ஸ்தான் வீடு தேடி வந்து, பயிற்சியாளராக வரச் சொன்னான்.

"எறியாமல் அங்கை நிண்டு என்ன செய்யிறது?" என்று மனைவி சிவமலரிடம் கேட்டான்.

"போய் நிண்டு பாருங்கோவன்."

அவன் பயிற்சியாளராக நின்ற முதல் ஆட்டத்தன்று மூடுபனி இறங்கியிருந்தது. எறிந்தவன் ஊர்ஸ். ஏழாவது சுற்றில் அவனுடைய முழங்கை தாழ்வதை உருத்திரன் கண்டான். தன் தோள் கிழியுமுன் அப்படித்தான் தாழ்ந்தது. பனிக்குள் மெல்ல நடந்துபோய்க் கையை நீட்டினான்.

"இன்னும் ஒரு சுற்று," என்றான் ஊர்ஸ்.

"காணும். பந்தைத் தா."

வெதுவெதுப்பான பந்தைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தான். பிறகு அடுத்து எறிபவனிடம் கொடுத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே வந்தான்.

ஒரு ஓட்டத்தால் தோற்றார்கள். இருவரும் ட்ராமில் திரும்பினார்கள். இறங்கும்போது ஊர்ஸ் கையை ஒருமுறை சுழற்றிப் பார்த்தான்.

"செவ்வாய்க்கிழமை பயிற்சி எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு," என்றான் உருத்திரன்.