சத்தம் போடாத எஞ்சின்

அந்தப் பழைய பிக்கப் கிளம்பினால் தெருவே அதிரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் கண் விழிப்பார்கள். அப்பேர்ப்பட்ட எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, விபத்தில் நசுங்கிய ஒரு காரின் எஞ்சினை அதில் மாட்டியிருந்தார்கள் அவளும் அவள் புருஷனும். துருவைச் சுரண்டி, ஓட்டைக்கு ஓட்டை தகடு வைத்துப் பற்றவைத்து, பச்சை பெயின்ட் அடித்தது தனிக் கதை.

இன்றுதான் முதல் ஸ்டார்ட். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் வேறு வந்து, கையைக் கட்டியபடி வண்டியின் பின்கதவில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான்.

"கார் எஞ்சின் இந்த வண்டிய இழுக்கும்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

அவள் சாவியைத் திருகினாள். 'கிர்' என்றது. அப்புறம் மூச்சுப் பேச்சில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றான் அண்ணன்.

அவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. விடுவாளா, மறுபடியும் திருகினாள். இரும்பை இரும்பால் அறுப்பது போல ஒரு கிறீச்சல்.

"ஐயோ, சாவிய விடு," என்று பானட்டுக்குள் குனிந்திருந்த புருஷன் அலறினான். "பெல்ட் சுத்துது. எஞ்சின் அப்பவே ஓட ஆரம்பிச்சிடுச்சு. பழசோட காட்டுக் கத்தலக் கேட்டுக் கேட்டு நம்ம காதுதான் கெட்டுப்போச்சு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே மாப்பிள்ளை," என்று இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டான் அண்ணன்.

புருஷன் பானட்டை அடித்துச் சாத்திவிட்டு ஓடி வந்து ஏறினான். அவள் கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டாள். வண்டி வெண்ணெயில் இறங்கிய கத்தி போல வழுக்கிக்கொண்டு போனது.

கண்ணாடியில் பார்த்தாள். தெருவில், கட்டிய கை கட்டியபடி, தரையில் உட்கார்ந்திருந்தான் அண்ணன்.